குடையின் பெயர் மறந்தால் என்ன, குணம் மறக்கலையே! - எமர்சனின் மறதிக் காலம்

ஒரு சின்ன டெஸ்ட். கையில் இருக்கும் போனைக் கீழே வைக்காமலே யோசிங்க. அம்மா, அப்பா நம்பர் தவிர வேறு யாருடைய மொபைல் நம்பராவது உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியுமா? நெருங்கிய நண்பனின் பிறந்தநாள், போன் ஞாபகப்படுத்தாமல் நினைவுக்கு வருமா? பெரும்பாலும் வராது. ஆனா, நம்ம வீட்டுத் தாத்தா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏத்திவிட்டுக்கிட்டு, அதையே வீடெல்லாம் தேடினால் மட்டும் நமக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வரும்.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனா எப்படிச் சிரிக்கணும் என்று ஒருவர் வாழ்ந்தே காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் சாதாரண ஆள் இல்லை. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவையே தன் பேச்சால் கட்டிப்போட்ட மனுஷர். பெயர், ரால்ஃப் வால்டோ எமர்சன். வார்த்தைகளை வைத்தே பிழைத்தவர், கடைசி 10 வருடங்களில் அந்த வார்த்தைகளையே ஒவ்வொன்றாகத் தொலைத்தார். தொலைத்ததைச் சொல்லி மற்றவர்களுக்கு முன்னால் தானே சிரித்தார்.

யார் இந்த எமர்சன்?

1803-ம் ஆண்டு மே 25-ம் தேதி பாஸ்டனில் பிறந்தார். அப்பா பாதிரியார். எமர்சனுக்கு எட்டு வயது நிறைவதற்குள் அப்பா இறந்துபோனார். 14 வயதில் ஹார்வர்டு கல்லூரி. பிறகு அவரும் பாதிரியாரானார். 1829-ல் எலன் டக்கர் என்ற பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டே வருடத்தில் காசநோய் எலனைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அவளுக்கு வயது 19. அடுத்த வருடமே எமர்சன் தேவாலய வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறி ஐரோப்பா போனார். ஸ்காட்லாந்தில் தாமஸ் கார்லைல் என்ற எழுத்தாளரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். கடலுக்கு அந்தப்பக்கம், இந்தப்பக்கம் என்று இருந்தே அந்த நட்பு கிட்டத்தட்ட 50 வருடம் ஓடியது. இந்தக் கார்லைல் பெயரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் வேண்டியிருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் எமர்சன் பிடித்துக்கொண்ட தொழில், மேடைப்பேச்சு. ரயிலிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் வாழ்நாளில் சுமார் 1,500 சொற்பொழிவுகள். பாஸ்டன் பக்கத்தில் கான்கார்டு என்ற சின்ன ஊரில் வீடு. 1841-ல் வெளிவந்த அவருடைய 'செல்ஃப் ரிலையன்ஸ்' கட்டுரை, யாரையும் சார்ந்து நிற்காதே, உன்னையே நம்பு என்று அடித்துச் சொன்னது. இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் ஓடும் மோட்டிவேஷன் வரிகளில் பாதிக்கு இவர்தான் கொள்ளுத்தாத்தா. சிறையில் எமர்சனைப் படித்த காந்தி, 1909-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மகன் மணிலாலுக்கு எழுதிய கடிதத்தில், நீயும் இவரைப் படி என்று சிபாரிசு செய்திருக்கிறார்.

நம்ம சென்னைக்கும் ஒரு குளுகுளு தொடர்பு உண்டு. கான்கார்டில் வால்டன் குளத்தங்கரையில் எமர்சன் வாங்கிப்போட்ட நிலத்தில்தான், அவருடைய சிஷ்யப்பிள்ளை தோரோ 1845-ல் குடிசை போட்டுத் தங்கினார். அந்தக் குளம் குளிர்காலத்தில் உறைந்ததும் ஐஸை வெட்டி எடுக்க ஆள் அனுப்பியவர், ஐஸ் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர். அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த ஐஸை மெட்ராஸில் இறக்கி வைக்க அதே டியூடர் கட்டிய கிடங்குதான், திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். நம்ம குளம் மெட்ராஸ்காரர்களின் தாகத்தைத் தீர்க்கிறதே என்று தோரோ தன் புத்தகத்தில் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

நோட்ஸ் ஆப் வெச்சிருந்த மனுஷர்!

எமர்சனின் ரகசிய ஆயுதம், அவருடைய டைரிகள். ஹார்வர்டில் படிக்கும்போதே ஆரம்பித்த பழக்கம். தோன்றியது, படித்தது, கேட்டது எல்லாவற்றையும் எழுதிவைத்தார். அது தன்னுடைய சேமிப்பு வங்கி என்பார். நோட்டுகள் மலைபோலக் குவிந்ததும், எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தானே அகராதி மாதிரி ஓர் அட்டவணையும் தயாரித்தார். அந்த அட்டவணையே நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஒரு தலைப்பில் பேசணுமா? அட்டவணையைப் புரட்டு, நோட்டை எடு, கோத்துவிடு. சர்ச் பட்டன் இல்லாத காலத்து சர்ச் இன்ஜின்!

ஆக, மூளையில் இருப்பதை வெளியில் சேமிக்கும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. என்ன வித்தியாசம் என்றால், அவர் எழுதிவைத்ததைத் திரும்பத் திரும்பப் படித்தார். நாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்ததோடு சரி.

முதுமையைப் பற்றியும் முன்கூட்டியே எழுதிவிட்டார். 1862 ஜனவரியில் 'அட்லாண்டிக்' இதழில் 'ஓல்டு ஏஜ்' என்ற கட்டுரை. அப்போது வயது 58. வயசாவதில் என்னென்ன லாபம் என்று அதில் ஒரு லிஸ்ட்டே போட்டார். ஆபத்தான பாறைகளை எல்லாம் தாண்டி வந்தாச்சு. இனி ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன, பெரிய வித்தியாசம் இல்லை. சொல்ல நினைத்ததைச் சொல்லியாச்சு. இனி வீட்டை ஒழுங்குபடுத்தி வைக்கலாம். இப்படி ஜாலியாகப் போகும் கணக்கு அது. அந்த லாபக் கணக்கு கைகொடுக்கிறதா என்று பார்க்கும் நாளும் வந்தது.

தீப்பிடித்த வீடு

1872 ஜூலை 24, விடியற்காலை. கான்கார்டு வீட்டில் தீ. எமர்சனுக்கு வயது 69. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தினர் புத்தகங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் வெளியே கொண்டுவந்து போட்டார்கள். மழை வேறு. வீட்டின் பெரும்பகுதி சேதம். ஏற்கெனவே லேசாகத் தலைகாட்டியிருந்த மறதி, இந்த அதிர்ச்சிக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும்படி ஆகிவிட்டது.

நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான டாலர் வசூல் செய்து, நீங்கள் மகள் எலனோடு ஊர் சுற்றிவிட்டு வாங்க, வீட்டை நாங்க பார்த்துக்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். யாரையும் சாராதே என்று எழுதிய மனிதருக்கு அந்தப் பணத்தை வாங்கவே கூச்சமாகத்தான் இருந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டு கிளம்பினார். எகிப்து, நைல் நதி, இத்தாலி, பாரிஸ், லண்டன் என்று ஒரு சுற்று. ஆக்ஸ்ஃபோர்டில் நம்ம வேதங்களைப் பதிப்பித்த மேக்ஸ் முல்லரோடும் ஒரு சந்திப்பு.

1873 மே மாதம் ஊர் திரும்பினால், ரயில் நிலையத்தில் ஊரே நிற்கிறது. தேவாலய மணி அடிக்கிறது, பேண்டு வாத்தியம் முழங்குகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். வீட்டைப் பழையபடியே கட்டி முடித்து, படிப்பறையில் புத்தகங்கள், படங்கள் எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்திருந்தார்கள். இதைச் சும்மா கடந்து போகாதீங்க. ஞாபகம் நழுவும் ஒருவருக்குப் பொருட்கள் அதே இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அந்த ஊர்க்காரர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமலே செய்துவிட்டார்கள்.

விடுகதை போடும் தாத்தா

இதற்குப் பிறகு எமர்சனின் மூளையில் இருந்து முதலில் கழன்று ஓடியவை பெயர்ச்சொற்கள். ஆள் பெயர், பொருள் பெயர் எதுவும் வாயில் வராது. விஷயம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதனால் அவர் பேச்சே விடுகதை மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் குடையைத் தேடுகிறார். 'குடை' என்ற வார்த்தை வரவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, அதன் பெயர் என்னவென்று சொல்ல முடியலை, ஆனா அதன் சரித்திரம் தெரியும், வெளியாட்கள் எடுத்துட்டுப் போயிடுவாங்களே அதுதான் என்றார். உலகத்தில் எந்த மொழி அகராதியிலாவது குடைக்கு இதைவிடச் சரியான விளக்கம் இருக்கா, சொல்லுங்க? மழை நாளில் ஆபீஸ் வாசலில் குடையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்குத் தெரியும்!

இன்னொரு முறை ஏர் கலப்பை என்ற வார்த்தை மாட்டிக்கொண்டது. நிலத்தைப் பண்படுத்தும் கருவி என்று சுற்றிவளைத்துச் சொல்லிச் சமாளித்தார். யாராவது உடம்பு எப்படி இருக்கு என்று விசாரித்தால், ரொம்ப நல்லா இருக்கேன், புத்திதான் போயிடுச்சே தவிர மற்றபடி சௌக்கியம் என்பது போலப் பதில் வரும்.

மேடையையும் உடனே விட்டுவிடவில்லை. எலன் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணித்துக்கொண்டே இருப்பாள், தாள் மாறிப் போனால் எடுத்துக்கொடுக்க. அப்படி ஒரு கூட்டத்துக்குப் போகும்போது எமர்சன் சொன்ன ஜோக் இது. என்ன பேசப்போகிறோம் என்று தெரியாத பேச்சாளர், அவர் என்ன சொல்லவருகிறார் என்று புரியாத ஜனங்கள், வேடிக்கையான கூட்டமாகத்தான் இருக்கும் என்றாராம். 1879-ல் கான்கார்டு தத்துவப் பள்ளியில் பேசக் கூப்பிட்டபோது அவர் வாசித்த தலைப்பு என்ன தெரியுமா? ஞாபகசக்தி!

உச்சகட்டம் இதுதான். வயதான காலத்தில் தன்னுடைய பழைய கட்டுரைகளையே எடுத்து வைத்துப் படிப்பார். தான் எழுதியதே மறந்துபோனதால் எல்லாம் புதுசாக இருக்கும். ஒரு கட்டத்தில் நிமிர்ந்து மகளைப் பார்த்து, அட, இதெல்லாம் உண்மையிலேயே நல்லாத்தான் இருக்கு என்று ஆச்சரியப்படுவார். பழைய பதிவை 'மெமரீஸ்'ல் பார்த்து நெளியும் நமக்கு, இந்த பாக்கியம் எப்போ கிடைக்குமோ!

மார்க் ட்வைனுக்கு வந்த சோதனை

1877 டிசம்பர் 17. பாஸ்டனில் கவிஞர் விட்டியரின் 70-வது பிறந்தநாள் விருந்து. எமர்சன், லாங்ஃபெல்லோ, ஹோம்ஸ் என்று பெரிய தலைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பேச எழுந்தவர் மார்க் ட்வைன், வயது 42. கலிஃபோர்னியாவில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடிசைக்குள் மூன்று நாடோடிகள் நுழைந்து, நாங்கள்தான் எமர்சன், லாங்ஃபெல்லோ, ஹோம்ஸ் என்று சொல்லிக் குடித்துவிட்டு, சீட்டாட்டத்தில் ஏமாற்றி ரகளை செய்வதாக ஒரு கற்பனைக் கதை சொன்னார்.

பெரியவர்களைக் கிண்டலடித்துவிட்டான் என்று பத்திரிகைகளில் கண்டனம். இன்றைய பாஷையில், மனுஷர் செம ட்ரோல் ஆனார். தூக்கம் கெட்ட ட்வைன், மூன்று பேருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். லாங்ஃபெல்லோவும் ஹோம்ஸும் பெருந்தன்மையாகப் பதில் போட்டார்கள். எமர்சன் வீட்டில் இருந்து எழுதியது எலன், அதுவும் ட்வைனின் மனைவிக்கு. வீட்டுப் பெண்களான எங்களுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை, சரியாகக் காதில் விழவும் இல்லை, அவர் எதையும் சுலபமாக, சுத்தமாக மறந்துவிடுவார் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

பாருங்க, ஊரே ஒரு வாரம் கொதித்த விஷயம், அவமானப்பட்டவராகச் சொல்லப்பட்டவருக்கு மட்டும் தெரியவே தெரியாது. ட்வைன் மட்டும் வருடக்கணக்கில் அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். மறதியால் யாருக்கு லாபம் என்று இப்போ சொல்லுங்க.

சிரிப்புக்குப் பின்னால்...

இதுவரைக்கும் சிரித்தாச்சு. ஆனா, எல்லாமே காமெடி இல்லை. விருந்துகளுக்குக் கூப்பிட்டால் எமர்சன் தயங்குவார். வார்த்தை வராமல் தான் தடுமாறினால், எதிரில் இருப்பவர் சங்கடப்படுவாரே என்ற கவலை. தான் கஷ்டப்படுவதைவிட, தன்னால் அடுத்தவர் கஷ்டப்படக் கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிய விஷயம். அவர் அடித்த ஜோக்குகளை இப்போ திரும்ப யோசித்துப் பார்த்தால் புரியும். எதிரில் இருப்பவரின் சங்கடத்தை உடைக்க, தன்னையே கொஞ்சம் உடைத்துக்கொண்டார்.

எலனைப் பற்றியும் சொல்லணும். 1839-ல் பிறந்த அந்த மகளுக்கு, எமர்சனின் இறந்துபோன முதல் மனைவியின் பெயரையே வைக்கச் சொன்னவர் இரண்டாவது மனைவி லிடியன். எலன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் கண்ணாடி, குடை, பெயர்ப் பட்டியல், பயண டிக்கெட், பேச்சுத் தாள் எல்லாம் அவள்தான். குவிந்துகிடந்த நோட்டுகளில் இருந்து புத்தகம் தொகுக்க ஜேம்ஸ் எலியட் கேபட் என்ற நண்பர் வந்து உதவினார். 1875-ல் வந்த 'லெட்டர்ஸ் அண்ட் சோஷியல் எய்ம்ஸ்' அப்படித் தயாரானதுதான். உன்னையே நம்பு என்று உலகத்துக்குச் சொன்னவரின் கடைசி 10 வருடங்கள், மகளையும் நண்பர்களையும் ஊரையும் நம்பி ஓடின. அவர் அதை மறைக்கவும் இல்லை, அதற்காகக் கூனிக்குறுகவும் இல்லை.

அவருக்கு வந்தது என்ன நோய்? அன்றைக்கு அதற்குப் பெயர் கிடையாது. ஜெர்மன் மருத்துவர் அல்சைமர் தன் நோயாளியைப் பற்றி மருத்துவ உலகத்துக்குச் சொன்னதே 1906-ல்தான். எமர்சனுக்கும் அது மாதிரி ஒன்றுதான் இருந்திருக்கும் என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள்.

பெயர் போனது, பிரியம் போகலை

1882 மார்ச் மாதம் லாங்ஃபெல்லோ இறந்துபோனார். பல வருட நண்பர். எமர்சன், எலனோடு இறுதிச் சடங்குக்குப் போனார். சவப்பெட்டி அருகே போய் முகத்தை உற்றுப் பார்த்தார். மறுபடி எழுந்து போய்ப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், இவர் ரொம்ப இனிமையான, அழகான ஆத்மா, ஆனால் பெயர்தான் எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது என்றார்.

ஜோக் மாதிரி இந்தச் சம்பவத்தை நிறைய பேர் சொல்வார்கள். கொஞ்சம் நின்று யோசிங்க. ஒருவரைப் பற்றி நம்மிடம் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அவர் பெயர். இன்னொன்று, அவர் எப்படிப்பட்டவர் என்பது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், நீங்கள் எதை வைத்துக்கொள்வீர்கள்?

அடுத்த மாதமே எமர்சனுக்குச் சளி பிடித்து நிமோனியாவாக முற்றியது. உடம்புக்கு முடியாமல் போன நாட்களில், படிப்பறைச் சுவரில் மாட்டியிருந்த கார்லைலின் படம் கண்ணில் பட்டது. கார்லைல் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பெயர் வரவில்லை. ஆனாலும் முகம் மலர, அதோ அந்த மனுஷன், என்னோட ஆள் என்று காட்டினார். 50 வருட நட்பில் கடைசியாக மிச்சம் நின்றது அந்த இரண்டு வார்த்தைதான். படுக்கையில் விழுவதற்கு முன்னால், படிப்பறையில் கடைசி இரவிலும், எப்போதும் போலக் கணப்பில் எரியும் கட்டைகளைத் தானே தள்ளி வைத்துவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு மாடியேறினார். கைக்குப் பழகியது மறக்கலை. 1882 ஏப்ரல் 27-ம் தேதி இறந்தார். வயது 78. கான்கார்டில் 'ஸ்லீப்பி ஹாலோ' கல்லறைத் தோட்டத்தில், தோரோவும் இருக்கும் அதே மேட்டில் அடக்கம் செய்தார்கள்.

நம்ம வீட்டு எமர்சன்கள்

இனி உங்க வீட்டுக்கு வருவோம். பாட்டிக்கு மறதி வந்துவிட்டால், வருகிற விருந்தாளி எல்லாம் முதலில் செய்வது ஒரு பரீட்சை. நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம் என்று முகத்துக்கு நேராக நின்று கேட்பது. பாட்டி முழிப்பார், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள், யாரோ ஒருத்தர் வீடியோ எடுப்பார். இந்தச் சிரிப்பில் பாட்டிக்குப் பங்கு இல்லை.

எலன் அந்தப் பரீட்சையை வைக்கவில்லை. தேவைப்படும்போது வார்த்தையை எடுத்துக்கொடுத்தாள். அப்பா ஜோக் அடித்தபோது சேர்ந்து சிரித்தாள். நீங்களும் உள்ளே போகும்போதே, பாட்டி, நான் உங்க சின்னப் பேத்தி வந்திருக்கேன் என்று சொல்லிவிட்டே போகலாம். கண்ணாடியை, மருந்து டப்பாவை, வெற்றிலைப் பெட்டியை இடம் மாற்றாமல் வைக்கலாம். மறதி திடீரென்று கூடினால், வயசாச்சுன்னா அப்படித்தான் என்று விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போகலாம். சில நேரம் சத்துக் குறைவு, தைராய்டு போன்ற, சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கும்.

தாத்தா உங்கள் பெயரை மறந்து, அண்ணன் பெயரையோ சித்தப்பா பெயரையோ சொல்லிக் கூப்பிட்டால் திருத்த வேண்டாம். கூப்பிட்ட குரலில் பிரியம் இருக்கா என்று மட்டும் கேளுங்க. இருந்தால், ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே மழை வந்தால் மறக்காமல் அதையும் எடுத்துக்கொடுத்து அனுப்புங்க. எதைன்னு கேட்கிறீங்களா? அதாங்க, வெளியாட்கள் எடுத்துட்டுப் போயிடுவாங்களே, அது!